பன்னிரண்டாவது நாற்காலி

எட்டாம் வகுப்புப் பாதியில் பள்ளிக்கூடத்தை விட்டேன். அதற்குப் பிறகு எந்த வேலையிலும் ஒரு வருடத்துக்கு மேல் நின்றதில்லை. பேக்கரி, லாரி கிளீனர், கோழிப்பண்ணை என்று சுற்றிவிட்டு மதுக்கரைப் பக்கம் கான்கிரீட் போடும் வேலைக்கு வந்தேன். அப்பாவைப் பார்த்ததில்லை. அம்மா எங்கள் கத்தோலிக்கப் பங்குக் கோயிலைப் பெருக்கித் துடைத்துக்கொண்டிருந்தாள். அங்கே என் பெயர் 'கோயில் கூட்டற அம்மா பையன்'. அதுவும் நான் ஊரில் இருந்தால்தான்.

பெரிய வியாழன் சாயங்காலப் பூசையில் பங்குச்சாமியார் பன்னிரண்டு ஆண்களின் பாதங்களைக் கழுவுவார். இயேசு சீடர்களுக்குக் கழுவியதன் நினைவு அது. நான்கைந்து தெருக்காரர்கள் கூடி ஜெபம் செய்யும் குழுவை அன்பியம் என்போம். அன்பியத்துக்கு ஒருவராகப் பன்னிரண்டு பேர் உட்காருவார்கள். யாரும் வாய்விட்டுச் சொல்லாத ஒரு வழக்கம் இதில் உண்டு. கோயிலில் கழுவப்போகும் காலை வீட்டிலேயே நன்றாகக் கழுவிக்கொண்டுதான் வருவார்கள். நகம் வெட்டி, குதிகால் தேய்த்து, சிலர் பவுடர்கூடப் போட்டிருப்பார்கள். சாமியாரின் பாத்திரத்தில் விழும் தண்ணீர் குடிக்கிற மாதிரி இருக்கும்.

அந்த வருடம் எங்கள் அன்பியத்திலிருந்து போகவேண்டியவர் பைக்கிலிருந்து விழுந்து மாவுக்கட்டோடு கிடந்தார். மற்ற ஆண்களுக்கு ஷிப்ட். ஜெபக்கூட்டத்தில் அதுவரை வாய் திறக்காத அம்மா எழுந்து, "எம்பையன் இருக்கறானுங்க" என்றாள்.

அன்பியத் தலைவர் குனிந்து என் காலைப் பார்த்தார். "ஏனம்மணி, இந்தக் காலக் கழுவோணும்னா ஃபாதருக்கு பிளீச்சிங் பவுடரும் கம்பி பிரஷ்ஷும் வாங்கிக் குடுக்கோணுமே!"

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவர் சொன்னதில் தப்பில்லை. ஈரக் கான்கிரீட்டில் நின்று வேலை செய்தால் சிமெண்ட் தோலைத் தின்றுவிடும். என் பாதம் பிளவு பிளவாக வெடித்து, வெடிப்புக்குள் சாம்பல் நிறம் ஏறியிருந்தது.

அம்மா மட்டும் சிரிக்கவில்லை. "கழுவறதுக்குத்தானுங்க கூப்படறாங்க. சுத்தமா இருக்கறவனக் கழுவி என்னத்துக்குங்க ஆகுது?"

தலைவர் என் பெயரை எழுதிக்கொண்டார்.

வியாழக்கிழமை மத்தியானம் செங்கல் துண்டாலும் துணி சோப்பாலும் காலைத் தேய்த்தேன். சாம்பல் போகவில்லை, ரத்தம் வந்தது. அம்மா வாங்கி வைத்திருந்த வெள்ளை வேட்டியின் கரையில் அது பட்டது. அப்படியே கோயில் வாசல் வரை போனேன். பீடத்துக்கு முன்னால் பன்னிரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகள். பதினொன்றில் ஆட்கள், வெளுத்த குதிகால்கள். எப்போதும் கடைசியில் உட்காரும் அம்மா அன்றைக்குப் பெண்கள் பக்கம் முதல் வரிசையில் உட்கார்ந்து, கழுத்தைத் திருப்பி வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் தூணுக்குப் பின்னால் நகர்ந்தேன். ரோட்டில் உக்கடம் பஸ் வந்தது. ஏறிவிட்டேன். மறுநாள் பெருந்துறையில் இருந்தேன். ஒரு சாயப்பட்டறையில் வேலை கிடைத்தது.

இரண்டு வாரம் கழித்துத்தான் போன் செய்தேன்.

"சோறு தின்னியா கண்ணு?" என்றாள் அம்மா.

"அந்த நாற்காலி என்னாச்சும்மா?"

"ஒருத்தரு உக்காந்தாங்க. நீ அதயே நெனச்சுட்டிருக்காத."

ஓடி வந்தவன் நான். ஆனாலும் கோபம் எனக்குத்தான் வந்தது. ஒரு நிமிடத்தில் வேறு ஆள் கிடைத்துவிட்டான், என் மதிப்பு அவ்வளவுதான் என்று நினைத்தேன். கிறிஸ்துமஸுக்குப் போகவில்லை. போனில் அம்மா கூப்பிடும்போதெல்லாம் வேலை என்று சொன்னேன்.

அடுத்த வருடம், ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலம் தொடங்கிய வாரம் அம்மா இறந்தாள். நெஞ்சுவலி. என் போன் சாயத்தொட்டியில் விழுந்து கெட்டுப்போயிருந்தது. ஒரு லாரி டிரைவர் வழியாகச் செய்தி வந்து நான் போய்ச் சேர்ந்தபோது அடக்கம் முடிந்து ஒரு நாள் ஆகியிருந்தது. மேடு தட்டிய ஈரமண், செவ்வந்தி மாலை, மரச்சிலுவை. கொஞ்ச நேரம் நின்றேன். அழுகை வரவில்லை.

சாமியார் கல்லறைக்கே வந்தார். "போன பெரிய வியாழன் நடந்தத அம்மா சொன்னாங்களா?"

"என் எடத்துல யாரோ உக்காந்தாங்கன்னு சொன்னாங்க ஃபாதர்."

"அவங்கதான் உக்காந்தாங்க."

எங்கள் கோயிலில் அந்த நாற்காலியில் ஒரு பெண் உட்கார்ந்ததே கிடையாது. தான் பதினோராவது ஆளுக்குக் கழுவி முடித்தபோது அம்மா எழுந்து வந்து உட்கார்ந்துவிட்டதாகச் சாமியார் சொன்னார். அன்பியத் தலைவர் ஓடிவந்து எழுந்திருக்கச் சொன்னாராம். அம்மா, "எம்பையன் எடமுங்க இது. பஸ்ஸுல துண்டு போட்டு எடம் புடிக்கறமில்லீங்க, அப்படி நெனச்சுக்கோங்க. அவன் வந்தான்னா எந்திரிச்சுக்கறேன்" என்றாளாம். பின்னால் சிலர் சிரித்தார்களாம்.

"கோயிலக் கூட்டிட்டு அப்படியே வந்திருந்தாங்க" என்றார் சாமியார். "அன்னைக்கு அவங்க கால்ல மட்டுந்தான் மண்ணு இருந்துச்சு."

அப்போதுதான் அழுதேன்.

பெருந்துறைக்குத் திரும்பவில்லை. அம்மாவின் அறையில் தங்கிக் கோயிலைப் பெருக்கினேன். பெரிய வியாழனுக்கு முன்னால் அன்பியத் தலைவர் அவராகவே வந்து, "நீங்க உக்காருங்க தம்பி" என்றார். கேலி இல்லை. ஜெபக்கூட்டத்தில் சிரித்ததை அவரும் மறக்கவில்லை என்று முகத்தில் தெரிந்தது.

அன்றைக்குக் கால் கழுவாமல் போனேன். வெடிப்புகளில் பழைய சாம்பல், நகங்களில் சாயப்பட்டறை நீலம், மேலே கோயில் முற்றத்துப் புழுதி. சாமியார் தண்ணீர் ஊற்றினார். பாத்திரத்தில் தண்ணீர் கலங்கிப் பழுப்பானது. அவர் நிதானமாகத் துடைத்து, குனிந்து முத்தமிட்டார். கடவுள் உன்னைப் பெயர் சொல்லி அழைத்தார் என்று சிறு வயதிலிருந்து பிரசங்கங்களில் கேட்டிருக்கிறேன். அது வேறு யாருக்கோ சொல்வது என்றே இருந்தேன். அந்த நாற்காலியில் அது எனக்கும்தான் என்று நம்பினேன். இன்றைக்கும் நம்புகிறேன். நம்பிய நேரத்தில் என் கண் பெண்கள் பக்கம் முதல் வரிசைக்குப் போனது. அங்கே வேறு யாரோ உட்கார்ந்திருந்தார்கள்.

பூசை முடிந்து எல்லாரும் போனபிறகு நாற்காலிகளை அடுக்கினேன். பீடத்துக்கு முன்னால் சிந்தியிருந்த தண்ணீரைத் துணி போட்டுத் துடைத்தேன். போன வருடம் தன் காலில் ஊற்றிய தண்ணீரையும் அம்மாதான் தனியாகத் துடைத்திருப்பாள்.