ஏ, பி, சி என்று அடித்துப் பார்த்த லோடு ஷீட்

1. போன்

திண்டுக்கல்லில் மாடியில் ஓர் அறை, நான்கு கம்ப்யூட்டர், டர்ரென்று கத்தும் ஒரு பிரின்டர். அதுதான் எங்கள் சாஃப்ட்வேர் கம்பெனி. டேட்டாபேஸில் கிடக்கும் விவரங்களை வரிசைப்படுத்தித் தாளில் கொண்டுவர ஒரு ரிப்போர்ட் மென்பொருள் வைத்திருந்தோம். அந்த வேலை முழுக்க என்னுடையது. "ரிப்போர்ட்டா? ஜெசிந்தாகிட்டக் கேளு" என்பார்கள். அந்தப் பெயர் என் தலைக்கும் கொஞ்சம் ஏறியிருந்தது.

ஒரு நாள் காலை ஆபீஸ் திறந்ததும் போன் அடித்தது. ஒட்டன்சத்திரத்தில் காய்கறி மண்டி வைத்திருக்கும் பழனிச்சாமி பேசினார். எங்கள் பழைய வாடிக்கையாளர். லாரியில் சரக்கேற்றும் வரிசைத் தாளை, அதாவது லோடு ஷீட்டை, எங்கள் ரிப்போர்ட்டில்தான் எடுப்பார்.

"ஏனுங்க ஜெசிந்தாம்மா, காதர் பாய் லாரி பாலக்காட்டுல நிக்குதுங்க. அங்க இறக்க வேண்டிய மூட்டை பூராவும் உள்ள, கேபின் பக்கம் கெடக்குதாமா. கடைசியா எர்ணாகுளத்துல இறங்குற சரக்கு பின்கதவோரம் நிக்குது. உங்க ஷீட்டப் பாத்துத்தானுங்க ஏத்துனோம்."

"எங்க ஷீட்டு தப்பா வராதுங்க சார். லோடுமேன் மாத்தி ஏத்திருப்பாங்க" என்றேன்.

ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. எங்கள் தொழிலில் இந்தப் பதில் தும்மல் மாதிரி தானாக வரும்.

"பாய் பாவமுங்க. நாளைக்குக் காலையில பேகம்பூர்ல அவரு பொண்ணுக்கு நிச்சயம். அதுக்குள்ள வந்து சேரணும்னு அடிச்சுப் புடிச்சு ஓட்டிட்டுப் போனாரு" என்று சொல்லி வைத்துவிட்டார்.

2. புது வெர்ஷன்

அந்த மண்டியில் மூட்டை மேல் ஊர்ப் பெயர் எழுதமாட்டார்கள். வாங்குகிறவரின் மார்க் மட்டும் இருக்கும், இரண்டு ஆங்கில எழுத்து. எந்த மார்க் எந்த ஊரில் இறங்கும் என்பது கணக்குப்பிள்ளைக்குத்தான் தெரியும். கடைசியில் இறங்குவதை அவர் முதலில் அடிப்பார். எஸ்ஜே எர்ணாகுளம், எம்கே திருச்சூர், ஏபி பாலக்காடு. அடித்த வரிசையிலேயே லோடு ஷீட் வரும். லோடுமேன்கள் அதை மேலிருந்து கீழே பார்த்து ஏற்றுவார்கள். வழியில் முதலில் வரும் பாலக்காட்டுச் சரக்கு கடைசியாக ஏறி, கதவோரம் நிற்கும்.

அந்த வாரம்தான் ரிப்போர்ட் மென்பொருளின் புது வெர்ஷன் எங்களிடம் வந்தது. பழைய வெர்ஷனில் செய்த ரிப்போர்ட்டைப் புதியதும் திறக்கும் என்று பெட்டியிலேயே அச்சடித்திருந்தது. இதைத்தான் பேக்வேர்ட் கம்பாட்டிபிலிட்டி என்கிறோம். திறக்கத்தான் செய்தது. புது வடிவத்துக்கு மாற்றட்டுமா என்று கேட்டது. யெஸ் அழுத்தி, சும்மா மூன்று மார்க் அடித்து டெஸ்ட் பண்ணி, சேவ் பண்ணி, மண்டியில் போய்ப் போட்டுவிட்டு வந்தேன். பழைய ஃபைலுக்கு ஒரு காப்பிகூட எடுத்து வைக்கவில்லை.

3. ஃபேக்ஸ்

நான் போனில் பேசியதை எங்கள் சார் கேட்டுக்கொண்டே இருந்தார். "எதுக்கும் நேத்து ஷீட்டையும் போன வாரத்து ஷீட்டையும் ஃபேக்ஸ் போடச் சொல்லும்மா" என்றார்.

இரண்டும் வந்தன. போன வாரம் எஸ்ஜே, எம்கே, ஏபி. நேற்று ஏபி, எம்கே, எஸ்ஜே. அடித்த வரிசையை அப்படியே வைத்துக்கொள் என்று பழைய வெர்ஷனில் நான் போட்டிருந்த செட்டிங், வடிவம் மாறியபோது அகர வரிசையாகியிருந்தது. லோடுமேன்கள் தாளில் இருந்ததை அச்சுப் பிசகாமல் ஏற்றியிருக்கிறார்கள்.

"டெஸ்ட் பண்ணிட்டேன்னியே, என்ன மார்க் அடிச்சுப் பாத்த?"

"ஏ, பி, சி சார்."

சார் ஃபேக்ஸ் தாளைக் கீழே வைத்தார். "ஏம்மா, ஏ, பி, சின்னு அடிச்சா எந்த வெர்ஷன்லதான் மாறி வரும்?"

திரும்பப் பழைய வெர்ஷனையே போட்டுவிடலாம் என்றால், புதியதில் சேவ் செய்த ஃபைலைப் பழையது திறக்காது. செட்டிங்கைத் திருத்தி மாற்று ஃபைல் தயாரித்தேன். டீ ஆறுவதற்குள் முடிந்துவிட்டது. இம்புட்டுதானா என்று நினைத்தபோது இன்னும் அவமானமாக இருந்தது.

பழனிச்சாமியைக் கூப்பிட்டு, தப்பு எங்களுடையது என்றேன்.

"அட, காலையில லோடுமேனுங்கள நாய வையுற மாதிரி வஞ்சுபோட்டேனுங்களே" என்றார். "நீங்களே வந்து சொல்லிப்போடுங்க."

மத்தியானம் ஃபைலோடு பஸ் ஏறினேன். முருங்கைக் கட்டுகளுக்கு நடுவே லோடுமேன்கள் முன்னால் நின்று, தப்பு ஷீட்டில்தான் என்று சொன்னேன். அவர்களில் ஒருவர், "பரவால்லீங்க, மிசினுதானுங்களே" என்று எனக்காகச் சமாதானம் சொன்னார். மிஷின் இல்லை, நான்தான் என்று சொல்ல வாயெடுத்தேன். வரவில்லை.

4. பேகம்பூர்

காதர் பாய் நிச்சயத்துக்கு வந்து சேரவில்லை. பாலக்காட்டில் எல்லாவற்றையும் கீழே இறக்கித் திரும்ப ஏற்றியதில் திருச்சூரில் சந்தை நேரம் தப்பிவிட்டது. அங்கே ஒரு ராத்திரி கிடந்து, மறுநாள்தான் எர்ணாகுளம் போயிருக்கிறார்.

சாரும் நானும் பேகம்பூரில் அவர் வீட்டுக்குப் போனோம். நடந்ததை நான் பாயிடம் சொன்னேன். அவர் மகள் டீ கொண்டுவந்தாள். நிச்சயத்து போட்டோக்களையும் எடுத்து வந்து காட்டினாள். எல்லாவற்றிலும் அப்பா இடத்தில் பாயின் அண்ணன், அவளுடைய பெரியத்தாதான் நின்றார்.

"ரோட்டுல லாரி ஆரன் கேக்கும்போதெல்லாம் வாசலுக்கு ஓடுனேங்க்கா, அத்தாதான்னு" என்றாள். குறையாகச் சொல்லவில்லை, சும்மா பேச்சுக்குத்தான் சொன்னாள். நான் டீயைக் கீழே வைத்துவிட்டேன்.

அதன்பிறகு ஏ, பி, சி என்று அடித்து எதையும் நான் சோதித்ததில்லை. வாடிக்கையாளரின் சொந்த டேட்டாவைப் போட்டு, பழைய வெர்ஷன் தாளையும் புது வெர்ஷன் தாளையும் பக்கத்தில் வைத்து வரி வரியாகப் பார்ப்பேன். பழைய ஃபைலை அழிக்கமாட்டேன். புதிதாக வருகிற பிள்ளைகளுக்கு நான் சொல்வதும் இதுதான்: ஃபைல் திறந்துவிட்டது என்றால் திறந்துவிட்டது, அம்புட்டுதான். சரியாக இருக்கிறது என்று அதற்கு அர்த்தமில்லை.

கல்யாணத்துக்குப் பாய் நேரில் வந்து கூப்பிட்டார். பிரியாணி சாப்பிட்டுவிட்டு நைசாக நழுவப் பார்த்தேன். கையைக் காட்டி நிறுத்திவிட்டார்.

"எங்க போற தாயி? நிச்சயத்து போட்டோவுலதான் நான் இல்ல. இந்தப் போட்டோவுல நீயாச்சும் நில்லு."

சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். மணப்பெண் பக்கத்தில் என்னை நிறுத்தினார்கள். போட்டோக்காரர் நிமிர்ந்து பார்க்கச் சொல்லிக்கொண்டே இருந்தார். அந்தப் படம் அவர்கள் வீட்டுச் சுவரில் மாட்டியிருக்கிறது. அதில் நான் மட்டும் தரையைப் பார்த்துக்கொண்டு நிற்கிறேன்.