சுவரோரம் ஒரு விரல்

புங்குடுதீவு இறுப்பிட்டியில் நாங்கள் இருந்த வீடு எங்களுடையதல்ல. அப்பாவின் அக்காவுக்குச் சீதனமாகக் கொடுத்த வீடு. அந்த மாமி சுவிசுக்குப் போய்விட்டதால், பூட்டிக் கிடக்கக் கூடாதென்று நாங்கள் குடியிருந்தோம். இது எனக்குத் தெரியாது என்று சொல்லமாட்டேன். சூரியன் வெகுதூரத்தில் இருக்கிறது என்பது தெரிவதுபோலத் தெரியும்.

எனக்கு ஒன்பது வயதில், மார்கழியில் வருவதாகவும் இந்தமுறை வீட்டுக்கு ஒரு முடிவு எடுக்கவேண்டும் என்றும் மாமி தொலைபேசியில் சொன்னார். அன்றிலிருந்து அப்பா ஓரிடத்தில் இருக்கவில்லை. போன முறை வந்தபோது மாமி யாழ்ப்பாணத்தில் அறை எடுத்துத் தங்கினார். மழைக்காலத்தில் எங்கள் சீமெந்துத் தரை வியர்க்கும். அந்தக் குளிர் அவர் முழங்காலுக்கு ஒத்துவரவில்லையாம். இம்முறை வீட்டில் வந்து படுத்தெழும்பினால் விற்க மனம் வராது என்று அப்பா நம்பினார். விற்றால் நாங்கள் எங்கே போவது என்று அம்மா கேட்டபோது அப்பா சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

வீடியோ அழைப்பில் மாமி வீட்டுத் தரை பலகையாய்ப் பளபளக்கும். அதே மாதிரி லமினேற் பலகைகளை அப்பா யாழ்ப்பாணத்தில் வாங்கி வான் வண்டியில் ஏற்றிவந்தார். மேசன் தேவையில்லை, ஒன்றுக்குள் ஒன்றைக் கொழுவினால் போதும் என்று கைப்பேசி வீடியோவில் ஒருவன் பத்து நிமிடத்தில் ஓர் அறையை முடித்துக் காட்டினான். அப்பாவுக்கு நான்கு நாள் பிடித்தது. முதலில் பொலித்தீன் விரித்து, அதன்மேல் நுரைத்தாள் போட்டு, அதன்மேல் பலகையைத் தட்டித் தட்டி, முழங்கால் தோலுரிய, நாங்கள் இருந்து படுக்கும் ஹோலை முடித்தார். சுவரோரம் சுற்றிவர ஒரு விரல் அகலம் விட்டிருந்தார்.

“ஈரக்காத்துக்குப் பலகை ஊதும். ஊத இடம் வேணும்,” என்றார்.

“மட்டத்தேளுக்கும் இடம் வேணுமோ?” என்றார் அம்மா.

“ஓரத்துக்குப் பட்டி அடிப்பன். கடையிலை முடிஞ்சுதாம். வாற கிழமை வரும்.”

அந்தக் கிழமை வரவேயில்லை.

ஓட்டையைக் கண்டால் எதையாவது வைத்து அடைக்காமல் எங்கள் தீவில் யாரும் படுக்கமாட்டார்கள். மட்டத்தேளிடம், அந்த நச்சுப் பூரானிடம், ஒருமுறை கடிபட்டவருக்கு அது விளங்கும். நான் பாயில் படுப்பவள். என் காதுக்கும் அந்த இடைவெளிக்கும் ஒரு முழம்தான். அப்பா வேலைக்குப் போன ஒரு நாள், வெட்டி மிஞ்சிய பலகைத் துண்டுகளை எடுத்து, சுவர் நெடுகச் சுத்தியலால் அடித்து இறுக்கினேன். அம்மா பார்த்துவிட்டு, “கெட்டிக்காரி,” என்று தன் பங்குக்கும் நாலு துண்டு செருகினார். அப்பா கண்டால் ஏசுவார் என்று பழஞ்சேலையைச் சுருட்டி மேலே வைத்தவரும் அவர்தான்.

கார்த்திகையில் மழை விடாமல் பிடித்தது. உப்பு கரைந்தது, அப்பளம் துவண்டது, நடு ஹோலில் பலகை எழும்பியது. முதலில் தோசைக்கல் அளவு. பிறகு ஆமை முதுகு. அப்பா அதன்மேல் அரிசி மூட்டையை வைத்தார். மேடு பக்கத்துக்கு நகர்ந்தது. ஊத இடமில்லாமல் செய்தது நான்தான் என்று எனக்கு விளங்கியது. ஆளில்லாத நேரமெல்லாம் அதன்மேல் ஏறி மிதித்தேன். துண்டுகளைக் குறட்டால் பிடுங்கிப் பார்த்தேன், ஊறி இறுகியிருந்தன. அப்பாவோ தான் எங்கே பிழைவிட்டார் என்று அந்த வீடியோவையே திரும்பத் திரும்பப் போட்டுக்கொண்டிருந்தார்.

மாமி வந்தார். வாசலில் நின்றபடி தரையைப் பார்த்தார். செருப்பைக் கழற்றவில்லை.

“தம்பி, இதை ஆரைக் கேட்டுச் செய்தனீ?”

“இல்லை அக்கா, நீங்கள் வந்து தங்கச் சுகமாயிருக்குமெண்டு...”

“நான் அதைக் கேக்கேல்லை. ஆரைக் கேட்டனீ?”

அப்பா தலை குனிந்து நின்றார். அம்மா அடுப்படிக்குள் போய்விட்டார். எனக்குத் தாங்கவில்லை.

“அப்பாவை ஏசாதேங்கோ மாமி. நான்தான் அடைச்சனான். ஆரையும் கேக்கேல்லை. மட்டத்தேளுக்குப் பயத்திலை.”

மாமி அப்போதுதான் அந்த மேட்டைக் கண்டார் என்று நினைக்கிறேன். என் தலையைத் தடவினார். அதன்பிறகும் செருப்பைக் கழற்றவில்லை.

அடுத்தவர் வீட்டில் கேளாமல் தரை போடுவது, எங்கள் பக்கத்தில் வேலியைத் தள்ளிப் போடுவதற்குச் சமம். இன்றைக்குப் பலகை போட்டவன் நாளைக்கு வீடே தன்னுடையது என்பான் என்று மாமி பயந்திருக்கிறார். பலகை கண்ணாடிபோலக் கிடந்திருந்தாலும் அதையேதான் கேட்டிருப்பார். இதெல்லாம் எனக்கு விளங்க இன்னும் பத்து வருடம் சென்றது.

தைப்பொங்கல் முடிந்து வீடு விலைப்பட்டது. சாமான் கட்டும்போது, “நீ அடைச்சதாலை இல்லை, பிள்ளை,” என்று அப்பா சொன்னார். என்னைத் தேற்றப் பொய் சொல்கிறார் என்றே நினைத்தேன்.

வேலணையில் எடுத்த வாடகை வீட்டில், நான் படுக்கும் சுவரோரம் நீளமாக ஒரு வெடிப்பு இருந்தது. அம்மா சீமெந்து குழைத்துக்கொண்டு வந்தார். நான் குறுக்கே விழுந்து மறித்தேன். பிறகு போர்வையைக் காதுவரை இழுத்துக்கொண்டு, மட்டத்தேள் வந்தால் வரட்டும், இந்த வீட்டிலாவது எங்களை இருக்க விடட்டும் என்று விழித்துக் கிடந்தேன்.