சாணத்துக்கும் குளிரும்

சாணத்தை நம்பிப் பிழைப்பவர்கள் இரண்டு வகை: வறட்டி தட்டுகிறவர்கள் ஒரு வகை, இனிமேல் வறட்டி தட்டாதீர்கள் என்று சொல்லப் போய் வாங்கிக் கட்டிக்கொள்கிறவர்கள் இன்னொரு வகை. நான் இரண்டாவது வகை.

எழுபதுகளின் கடைசியில், மண்ணெண்ணெய்க்கு ஊரே டின்னைத் தூக்கிக்கொண்டு வரிசையில் நின்ற காலத்தில், கொடைக்கானலில் ஒரு சேவை சங்கத்தில் எனக்கு வேலை கிடைத்தது. சாணத்திலிருந்து அடுப்பெரிக்கும் கேஸ், காற்றில் சுற்றித் தண்ணீர் இறைக்கும் இயந்திரம், வெயிலில் சோறு பொங்கும் பெட்டி, இந்த மூன்றையும் மலை விவசாயிகளிடம் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். கேட்பதற்கு எவ்வளவு நன்றாக இருக்கிறது! எனக்கும் அப்படித்தான் இருந்தது. வீடு வீடாகப் போய் நல்லது சொல்லி அவமானப்பட்டவர்கள், இன்ஷூரன்ஸ் ஏஜென்ட்டோ அம்மை ஊசி போடப் போனவரோ யாராக இருந்தாலும், கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். நாமெல்லாம் ஒரே கட்சி.

புருவம் போனது

முதல் சாண கேஸ் தொட்டியை ஆடலூரில் கட்டினோம். காப்பியும் மிளகும் விளைகிற கீழ்மலை. தோட்டக்காரர் கந்தசாமி நாலு மாடு வைத்திருந்தார். விஷயம் ரொம்பச் சுலபம். கிணறு மாதிரி ஒரு தொட்டி, அதில் சாணத்தையும் தண்ணீரையும் சரிக்குச் சரி கரைத்து ஊற்ற வேண்டும். மேலே ஓர் இரும்பு டிரம் கவிழ்ந்திருக்கும். உள்ளே கேஸ் சேரச் சேர டிரம் தானாக மேலே எழும்பும். மூன்றே வாரத்தில் எழும்பிவிட்டது. எனக்குத் தலைகால் புரியவில்லை.

முதல் டிரம் கேஸில் காற்று கலந்திருக்கும், அதைத் திறந்துவிட்டுவிட வேண்டும், பக்கத்தில் நெருப்பே கூடாது என்று படித்துப் படித்துச் சொல்லியிருந்தேன். மறுநாள் நான் போய் இறங்கியபோது கந்தசாமி வாயில் பீடியோடு குழாயின் மேல் குனிந்து மோந்து பார்த்துக்கொண்டிருந்தார். நான் கத்துவதற்குள் 'புஸ்' என்று ஒரு சத்தம். நல்லவேளை, குழாயில் இருந்தது கொஞ்சம்தான், தீ டிரம் வரைக்கும் போகவில்லை. மனிதர் நிமிர்ந்தார். முகமெல்லாம் கரி, புருவம் இரண்டையும் காணோம். பீடி மட்டும் வாயிலேயே இருந்தது. செத்தோம், சங்கத்தையே மூட வேண்டியதுதான் என்று நான் கணக்குப் போட்டுக்கொண்டிருக்க, அவர் முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டு சொன்னார்: "கேஸ் நல்லாத்தான் வருது சார். அடுப்ப எப்பக் கொண்டாருவீங்க?"

மன்னவனூர் வாக்குறுதி

ஆடலூர் கொடுத்த தைரியத்தில் மேல்மலைக்கு ஏறினேன். மன்னவனூரில் ஆரோக்கியம் என்று ஓர் உருளைக்கிழங்கு விவசாயி. மூன்று மாடு, கொஞ்சம் ஆடு. அவர் மனைவி சவரியம்மாளுக்குக் கண்ணில் எந்நேரமும் நீர் வடிந்துகொண்டே இருந்தது. இமை தடித்து, சிவந்து, எதிரே நிற்பவர் நிழல் மாதிரிதான் தெரிவார். ஆஸ்பத்திரியில் மருந்து கொடுத்து, "இனி புகையில் உட்கார்ந்தால் உள்ள பார்வையும் போய்விடும்" என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். அந்தக் குளிரில், ஈர விறகை ஊதாமல் அவர் எப்படிச் சோறு பொங்குவார்?

ஆரோக்கியம் என்னைப் பார்த்துக் கேட்டதெல்லாம் ஒரே கேள்வி. இது கட்டினால் வீட்டில் புகை இருக்காதா? இருக்காது என்றேன். அதோடு விடாமல், கிறிஸ்துமஸுக்குப் புகையில்லாமல் பலகாரம் சுடலாம் என்றேன். யாரும் என்னைக் கேட்காத கெடுவை நானாகவே வைத்துக்கொண்டேன். அன்றைக்கே கணவனும் மனைவியும் குழி வெட்டத் தொடங்கிவிட்டார்கள். சவரியம்மாள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு என் குரல் வந்த பக்கம் பார்த்துச் சொன்னார்: "நீங்க படிச்சவுக சார். நீங்க சொன்னா வரும்."

காற்றாடிக்குத் துணி இல்லை

இதற்கிடையில் கவுஞ்சியில் ஒரு காற்றாடி நிறுத்தியிருந்தோம். முக்கோணத் துணிகள் கட்டிய பெரிய சக்கரம். காற்றில் சுற்றினால் பள்ளத்து ஊற்றிலிருந்து தண்ணீர் படிக்கட்டு வயலுக்கு ஏறும். டிசம்பரில் பார்க்கப் போனால், சக்கரம் எலும்புக்கூடாக நிற்கிறது. துணி ஒன்றுகூட இல்லை. திருடு போய்விட்டது என்று பதறிப்போய் வயல்காரரைத் தேடி ஓடினேன்.

அவர் வயலில் குனிந்து அந்தத் துணிகளை உருளைக்கிழங்குச் செடிகளின் மேல் பதமாக இழுத்துவிட்டுக்கொண்டிருந்தார். நாலு நாளாக உறைபனி விழுகிறதாம். பனி பட்டால் செடி ஒரே நாளில் கருகிவிடும். பனிக்குச் செடி கருகும் என்றால் சாணம் என்ன ஆகும் என்று அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டாமா? உறைக்கவில்லை. ஏங்க இப்படிச் செய்தீர்கள் என்று சண்டைக்குப் போனேன். அவர் நிமிராமலே சொன்னார்: "காத்து இன்னைக்கில்லேன்னா நாளைக்கு வரும் சார். கருகுன செடி வருமா?"

டிரம் அசையவில்லை

கிறிஸ்துமஸ் வந்தது, போனது. மன்னவனூர் டிரம் வைத்தது வைத்தபடி கிடந்தது. பலகாரத்தைச் சவரியம்மாள் புகையில்தான் சுட்டார். எனக்கும் ஒரு தட்டு கொடுத்தனுப்பினார். அதைத் தின்ற பாவத்தை நான் எங்கே போய்க் கழுவ?

ஆபீஸில் புத்தகத்தைப் புரட்டிய பிறகுதான் விஷயம் தெரிந்தது. கேஸ் உண்டாக்குவது சாணத்துக்குள் இருக்கும் நுண்ணுயிர்கள். அவற்றுக்குச் சூடு வேண்டும். குளிர்ந்தால் சுருண்டு படுத்துக்கொள்ளும். இதை அந்தக் குளிரான ஊரில் தொட்டி கட்டுவதற்கு முன்னால் படித்திருக்கலாம்! இடிந்துபோய் உட்கார்ந்திருந்தேன். எங்கள் ஃபிட்டர் மாசிலாமணி, மங்கி குல்லாவை இழுத்துவிட்டுக்கொண்டு என்னை ஆறுதல்படுத்தினார்: "பேசாம மேல்மலையில போர்வை விப்போம் சார். அதான் ஓடும்."

குளிர்காய்ச்சல்

ஆரோக்கியத்திடம் போய் உண்மையைச் சொன்னேன். நுண்ணுயிர் என்றால் அவருக்கு என்ன புரியும் என்று நானே நினைத்துக்கொண்டு, "உள்ளே கண்ணுக்குத் தெரியாத பூச்சி இருக்கிறது, அதுக்குக் குளிர் தாங்கவில்லை" என்று எளிமையாக விளக்கினேன். எளிமையாக விளக்குவதைப் போல ஆபத்தான காரியம் வேறில்லை.

அடுத்த வாரம் பஸ்ஸை விட்டு இறங்கியதுமே மேட்டில் புகை தெரிந்தது. தொட்டியைச் சுற்றி மலையில் வளரும் வாட்டில் மரத்து விறகை அடுக்கி, நாலு பக்கமும் தீ வைத்திருந்தார்கள். கேஸ் பிடிக்கும் டிரம்மைச் சுற்றி நெருப்பு! அதைவிட மோசம் இன்னொன்று. தீயை ஊதிவிட்டுக்கொண்டு புகைக்குள் உட்கார்ந்திருந்தது சவரியம்மாள். புகையில்லாத அடுப்பு வேண்டும் என்று புகையில் உட்கார்ந்திருந்தார். குடம் குடமாகத் தண்ணீரைக் கொட்டி அணைத்தேன். டிரம்முக்குள் கேஸே இல்லாததால்தான் அன்றைக்கு மூன்று பேரும் பிழைத்தோம். ஆரோக்கியம் ஒன்றும் புரியாமல் கேட்டார்: "நீங்கதான சார் பூச்சிக்குக் குளிருதுன்னீங்க? அதுகளக் குளிர்காய வச்சது தப்பா?"

கேஸ் போன இடம்

தீ வேண்டாம், ஆட்டுப் புழுக்கையும் காய்ந்த புல்லும் தொட்டியைச் சுற்றிக் குவியுங்கள், சாணத்தை வெதுவெதுப்பான தண்ணீரில் கரையுங்கள் என்று சொல்லிவிட்டு வந்தேன். இரண்டு வாரம் கழித்துப் போனால் டிரம் ஒரு சாண் எழும்பியிருந்தது! சந்தோஷத்தில் வீட்டுக்குள் ஓடினேன். அடுப்படியில் நீலமாக கேஸ் எரிகிறது. அதன்மேல் பெரிய அண்டாவில் வெறும் தண்ணீர். பக்கத்திலேயே பழைய விறகடுப்பில் சோறு கொதிக்கிறது. நடுவில் புகை மண்டலம், அதற்குள் சவரியம்மாள்.

வந்த கேஸ் முழுவதும் தொட்டிக்கு வெந்நீர் போடவே சரியாகப் போகிறது. அந்த வெந்நீர் இருந்தால்தான் மறுநாள் கேஸ். ஒரு குடும்பத்தின் தலையில் இன்னொரு வாயைக் கட்டிவிட்டு வந்திருக்கிறேன்! வெட்கத்தில் தலை குனிந்தேன். சவரியம்மாள்தான் என்னைச் சமாதானப்படுத்தினார்: "மொதல்ல அது பொழைக்கட்டும் சார். எங்க சோத்துக்குத்தான் வெறகு கெடக்கே."

பெட்டிக்குள் என்ன?

அன்று ராஜினாமா எழுதலாம் என்றுதான் ஆபீஸுக்குத் திரும்பினேன். எழுதாமல், மூலையில் தூசி படிந்து கிடந்த சூரிய அடுப்பைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினேன். கறுப்புத் தகரப் பெட்டி, மேலே கண்ணாடி, மூடியில் ஒரு நிலைக்கண்ணாடி. மேகம் இறங்கும் கொடைக்கானலில் அது ஒரு பிடி அரிசியைக்கூட வேகவைத்ததில்லை. மன்னவனூரில் தை, மாசியில் பகல் வெயில் சுள்ளென்று அடிக்கும். ஒரு வேளைச் சோறாவது புகையில்லாமல் பொங்கட்டும் என்று கொடுத்துவிட்டு, 'சூரிய அடுப்பில் சமையல் நடக்கிறது' என்று ரிப்போர்ட்டும் எழுதிவிட்டேன்.

ரிப்போர்ட்டைப் படித்த மேலதிகாரி நேரில் பார்க்கவே வந்துவிட்டார். அவரை வயலோரம் கூட்டிப்போனேன். பெட்டி வெயிலைப் பார்த்து அழகாக நின்றிருந்தது, உள்ளே ஒரு மூடிய சட்டி. நானே பெருமையோடு கண்ணாடியைத் தூக்கி, சட்டியைத் திறந்து அவர் மூக்குக்கு நேரே நீட்டினேன். சட்டி நிறையச் சாணக் கரைசல், ஆவி பறக்க! அவர் இரண்டடி பின்னால் போனார். நான் சட்டியைக் கீழே போடாதது கர்த்தர் கிருபை. கைக்குட்டையை மூக்கிலிருந்து எடுக்காமலே அவர் கேட்டார்: "என்ன சமையல்னு ரிப்போர்ட்ல நீங்க எழுதவே இல்லையே, தம்பி?"

வரக்காப்பி

அவரை ஆரோக்கியத்திடம் விட்டுவிட்டு, கோபத்தோடு வீட்டுக்குள் நுழைந்தேன். சோறு பொங்கக் கொடுத்த பெட்டியில் சாணியா என்று கேட்க வாயைத் திறந்தவன் அப்படியே நின்றுவிட்டேன். வீட்டுக்குள் மறுபக்கத்துச் சுவர் தெரிந்தது. இத்தனை மாதத்தில் அந்தச் சுவரை நான் பார்த்ததே இல்லை. விறகடுப்பில் கோழி ஒன்று அடை படுத்திருந்தது. கேஸ் அடுப்பில் ஒரு பக்கம் சோறு, ஒரு பக்கம் வரக்காப்பி. தொட்டியின் வெந்நீர்ப் பாடு வெயிலுக்குப் போய்விட்டதால், கேஸ் முழுவதும் வீட்டுக்கு வந்துவிட்டது. புத்தகம் படித்த எங்களில் ஒருவனுக்கும் தோன்றாததைச் சவரியம்மாள் தானாகவே செய்திருந்தார். ஒருவேளை குளிர் குறைந்ததால்தான் கேஸ் வந்ததோ என்னவோ. எனக்கு இன்றுவரை தெரியாது, தெரிந்துகொள்ளவும் ஆசையில்லை.

சவரியம்மாள் காப்பி டம்ளரை நீட்டினார். கண்ணில் சிவப்பு இருந்தது, நீர் வடியவில்லை. டம்ளரைக் கொடுத்த பிறகும் நகராமல், என் முகத்தை நெற்றியிலிருந்து மோவாய் வரை நிதானமாகப் பார்த்தார். பிறகு ஆச்சரியம் தாங்காமல் அவர் சொன்னார்: "இப்பத்தான் சார் ஒங்க மொகத்தையே பாக்குறேன். இம்புட்டுப் பொய் சொன்னவரு வயசான ஆளா இருப்பாருன்னுல்ல நெனச்சேன்!"

அதற்குப் பிறகு ஆறு வருஷம் அந்த வேலையில் இருந்தேன், எந்த வீட்டிலும் எந்தப் பண்டிகையின் பெயரையும் சொல்லாமல்.