மாங்கனி எறிய ஒரு மாடி

“நாளை காரைக்காலுக்கு மட்டும் உள்ளூர் விடுமுறை” என்று செய்தியில் சொன்னபோது, என் மகள் கயல் பள்ளிச் சீருடைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். காரைக்காலை விட்டுப் பாண்டிச்சேரிப் பக்கத்து ஏம்பலத்துக்குக் குடிவந்து எத்தனையோ ஆண்டுகள் ஆகியும், மாங்கனித் திருவிழா அன்று பள்ளிக்கூடம் திறந்திருப்பதை என் மனது ஏற்க மாட்டேன் என்கிறது. இரண்டு ஊருக்கும் அரசாங்கம் ஒன்று, சட்டசபை ஒன்று, போலீஸ்காரர் தலையிலுள்ள சிவப்புத் தொப்பிகூட ஒன்று. ஆனால் என் ஊருக்கு லீவு, எனக்கு லீவு இல்லை. “சீருடையை மடித்து வை, நாளைக்கு நாமும் போகிறோம்” என்றேன். கயல் முகத்தில் பெரிய மகிழ்ச்சி ஒன்றும் தெரியவில்லை.

காரைக்காலில் இருந்து இதைப் படிப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். நாம் பாண்டிச்சேரிக்காரர்கள்தானா என்று அங்கே இருக்கும்வரை நான் யோசித்ததே இல்லை. ஆஸ்பத்திரிக்கும் கோர்ட்டுக்கும் “பாண்டிக்குப் போறோம்” என்போம், வேறொரு நாட்டுக்குப் போவது போல. நாகப்பட்டினத்து உறவுக்காரர்களோ கல்யாணத்துக்கு வந்தால் நம்மையே “பாண்டிக்காரங்க” என்று கேலி செய்வார்கள். கணவருக்கு வில்லியனூர்ப் பக்கம் வேலை கிடைத்து இங்கே வந்த பிறகுதான், நிஜமான பாண்டிக்காரர்கள் நம்மைத் தஞ்சாவூர்க் கணக்கில் வைத்திருக்கிறார்கள் என்று தெரிந்தது. ஏம்பலத்து ஆள் கடலூர்க்காரரைப் பார்த்தால் அடுத்த நிமிடமே கரும்பு விலையைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுவார். நடுவில் ஒரு மாநில எல்லை இருப்பது இருவருக்கும் ஞாபகமே இருக்காது. ஒரே மாநிலத்தில் பிறந்த எனக்கு நாற்காலி போட்டு காபி கொடுப்பார்கள். குறை சொல்லவில்லை. ஆனால் நாற்காலி விருந்தாளிக்குப் போடுவது.

பக்கத்து வீட்டுத் தனம் அக்கா கரும்பும் நெல்லும் பயிரிடுகிறவர். மனதில் பட்டதை அப்படியே போட்டு உடைப்பார். “உங்க ஊர நாகப்பட்டினத்தோட சேத்துட்டா இன்னா? உங்களுக்கும் நிம்மதி, எங்களுக்கும் நிம்மதி” என்று ஒருநாள் சிரித்துக்கொண்டே சொன்னார். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. கல்லூரி நாட்களில் காரைக்கால் பேருந்து நிலையத்தில் நின்று இதையே நான் உரக்கப் பேசியிருக்கிறேன். அதே பேச்சு இன்னொருவர் வாயிலிருந்து வந்தபோது, வீட்டை விட்டு வெளியே போ என்று சொன்னது போல இருந்தது.

மாங்கனி விஷயத்துக்கு வருகிறேன். சிவன் பிச்சாண்டவராகச் சப்பரத்தில் வரும்போது மாடிகளிலிருந்து மாம்பழம் எறிவார்கள், கீழே அதைப் பிடித்தால் பிள்ளை பிறக்கும் என்பது எங்கள் ஊர் நம்பிக்கை. கல்யாணமாகி வெகுநாள் எனக்குக் குழந்தை இல்லை. பிச்சாண்டவர் சப்பரம் வரும் தெருவில், மாடியிலிருந்து எறிந்த ஒரு பழம் என் முந்தானையில் விழுந்தது. அடுத்த வருடம் கயல் பிறந்தாள். உயிருள்ளவரை வருடா வருடம் மாங்கனி எறிவதாக வேண்டிக்கொண்டேன். அம்மா வீட்டு மாடி இருந்தவரை அதில் தவறவில்லை. ஒருமுறை மட்டும் திருவிழா நேரத்தில் கயலுக்குக் கடும் காய்ச்சல், ஊருக்குப் போக முடியவில்லை. அதை ஈடுகட்ட, அடுத்து வந்த ஆடியில் ஏம்பலத்து மாரியம்மன் டிராக்டரில் ஊர்வலம் வந்தபோது, எந்தச் சாமியானால் என்ன என்று எங்கள் மொட்டை மாடியிலிருந்து எறிந்தேன். முதல் பழம் சீரியல் லைட்டில் பட்டு அம்மனுக்குப் பின்னால் பாதி வெளிச்சம் அணைந்தது. மேளம் நின்றது. தெருவே அண்ணாந்து பார்த்தது.

தனம் அக்கா மூச்சிரைக்க மாடியேறி வந்தார். “இன்னாம்மா இது? அம்மன் மேலயே வுட்டு அடிக்கிற!”

“வேண்டுதல்க்கா. எங்க ஊர்ல இப்படித்தான்.”

“சாமிய அடிக்கறதா வேண்டுதலு? நல்லா இருக்குதே உங்க ஊரு!”

ஊராரிடம் அவர்தான் கீழே போய் எனக்காகச் சமாதானம் பேசினார். கயல் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். “நம்ம ஊர்ல இதெல்லாம் கிடையாதும்மா” என்றாள் உள்ளிருந்தே. அவள் நம்ம ஊர் என்றது ஏம்பலத்தை. தெரு சிரித்தது கூட எனக்குப் பெரிதாகப் படவில்லை. அந்தப் பழத்தால் எனக்குக் கிடைத்த பெண்ணுக்கே அது அந்நியமாகிவிட்டதே என்று அழுதேன்.

அந்தத் தனம் அக்காதான் இந்த ஆண்டு, விடுமுறைச் செய்தி வந்த அன்றிரவு வீடு தேடி வந்து, “அந்தப் பழம் புடிச்சா நெஜமாவே புள்ள பொறக்குமா?” என்று கேட்டார். அவர் மருமகள் வாசலிலேயே தலைகுனிந்து நின்றிருந்தாள். மறுநாள் விடியுமுன் நாங்கள் நால்வரும் கிளம்பிக் கடலூரில் காரைக்கால் பஸ் ஏறினோம். சிதம்பரம், சீர்காழி என்று பஸ் போய்க்கொண்டே இருந்தது. “நம்ம ஸ்டேட்டுக்குள்ளதான் போறோம்ன. வழியெல்லாம் தமிழ்நாட்டு போர்டா இருக்குதே?” என்றார் அக்கா.

அம்மா வீடு விற்றுப் போயிற்று. எறிய எனக்கு மாடி இல்லை. ஏம்பலத்திலிருந்து கொண்டுவந்த, பாண்டிக் கடைப் பெயர் அச்சிட்ட மாம்பழப் பையோடு கூட்டத்துக்குள் நின்றேன். சப்பரம் நெருங்கிக்கொண்டிருந்தது. எதிர் வீட்டு மாடியில் ஒரு பெண் எறியத் தயாராக நின்றாள். மேலே வரட்டுமா என்று கேட்க, பையை இரு கையாலும் தூக்கிக் காட்டினேன். மேளச் சத்தத்தில் என் குரல் அவளுக்குக் கேட்கவில்லை. பழம் ஏந்துகிறேன் என்று நினைத்துக்கொண்டாள்.

“பாண்டிலேர்ந்து வந்திருக்கீங்களா? இந்தாங்க, புடிச்சுக்குங்க!” என்று கத்தி, குறிபார்த்து ஒரு பழத்தை எறிந்தாள். அது என் பைக்குள்ளேயே விழுந்தது.

“சாமி பழம், சாமி பழம்! எடும்மா, அத எம் மருமவளுக்குக் குடு” என்று தனம் அக்கா பதறினார். பைக்குள் கைவிட்டேன். எல்லாம் ஒரே நிறம், ஒரே அளவு. ஏம்பலத்துப் பழம் எது, என் ஊர்ப் பழம் எது என்று எனக்கே தெரியவில்லை. அக்கா மருமகளின் விரித்த முந்தானையில் பையை அப்படியே கவிழ்த்தேன். அவள் பழங்களை நெஞ்சோடு சேர்த்து அணைத்துக்கொண்டாள்.

“நீ எறியவே இல்லையேம்மா?” என்றாள் கயல்.

“எறிஞ்சாச்சுடி” என்றேன்.

மாடியிலிருந்த பெண் எங்களைப் பார்த்துக் கையசைத்தாள், வெளியூரிலிருந்து வந்தவர்களுக்குக் கையசைப்பது போல. காலிப் பையை அக்குளில் இடுக்கிக்கொண்டு, நான் பிறந்த தெருவில் நின்று நானும் கையசைத்தேன்.