பதினோரு மணி நேரப் புகை

ஏழாங்கட்டைத் தோட்டத்தில் போய்த் தங்கராஜு வீடு எது என்று கேட்டால் மூன்று தங்கராஜுவைக் காட்டுவார்கள். புகைவீட்டுத் தங்கராஜு என்று கேட்டால்தான் தொழிலாளர் வீட்டு வரிசைகளில் கடைசி லயத்தின் கடைசி வீட்டுக்குக் கை நீளும். ரப்பர் ஷீட்டுகளைத் தொங்கவிட்டுப் புகை ஏற்றிக் காய வைக்கும் கொட்டகையில் இருபத்தாறு வருடம் அடுப்பு பார்த்தவர் அவர். அந்த இருபத்தாறு வருடத்தில் அவர் கண்டுபிடித்த உண்மை ஒன்றே ஒன்று. உலகத்தில் மனிதர்கள் இரண்டு வகை: நெருப்பைத் தெரிந்தவர்கள், தெரியாதவர்கள். முதல் வகையில் அவர் ஒருவர்தான் இருந்தார். புகைவீட்டுச் சுவரில் வெள்ளைக்காரன் காலத்து வெப்பமானி ஒன்று தொங்கியது. அவ்வப்போது புறங்கையைக் காற்றில் நீட்டிப் பார்த்து, அது சரியாகத்தான் வேலை செய்கிறது என்று அதற்கு நற்சான்று கொடுப்பார்.

இந்த ஞானத்துக்குத் தோட்ட நிர்வாகம் தந்த மரியாதையைச் சொல்ல ஒரு வரி அதிகம். மாரியம்மன்தான் கொஞ்சம் கருணை காட்டினாள். வருடத் திருவிழாவில் தீமிதிக்குப் பூக்குழி போடுவது பதினெட்டு வருடமாகத் தங்கராஜுவின் உரிமை. அன்று காலை பூசாரி அவருக்கு மஞ்சள் துணி கட்டி, முதல் கொள்ளியைக் கையில் கொடுப்பார். ஆபீசில் கணக்கெழுதும் நாற்காலியை விட்டு அசையாமல் "என்னா தங்கராஜு" என்று கூப்பிடும் கிராணி சிவானந்தம், கோயில் தலைவர் என்ற முறையில் அன்று மட்டும் எழுந்து நின்று "வாங்க" என்பார். அந்த ஒரு நாளை வைத்துக்கொண்டுதான் மீதி நாட்களைத் தங்கராஜு ஓட்டினார். அதை யாராவது பிடுங்கிக்கொண்டால் என்ன ஆவோம் என்று அவர் யோசித்ததே இல்லை. யோசித்தவன் அழகேசன். புகைவீட்டில் அவருக்கு அடுத்த ஆள். எட்டு வருடமாக அந்த மஞ்சள் துணிமேல் அவனுக்கு ஒரு கண். அவன் வெளிப்படையாகச் சொன்னதில்லை, அவ்வளவுதான்.

அந்த எண்பத்தைந்தாம் வருடம் தோட்டத்துக்குக் கோ என்று ஒரு சின்ன தொரை, உதவி மேனேஜராக, வந்து சேர்ந்தார். ஈப்போக்காரர். அமெரிக்காவில் டெக்சஸ் பக்கம் விவசாயம் படித்தவர் என்று சொன்னார்கள். நாலு வருடத்தில் விவசாயம் எவ்வளவு ஏறியது என்பது அவர் நட்ட செம்பனைக் கன்றுகளைக் கேட்டால் தெரியும். ஆனால் மாட்டு நெஞ்சுக்கறியைப் புகையில் வேகவைத்துத் தின்னும் பழக்கம் மட்டும் நன்றாக ஏறியிருந்தது. இங்கே வந்த பிறகு அது கிடைக்காமல் மனிதர் ஏங்கிப்போயிருந்தார். ஒரு நாள் புகைவீட்டுக்குள் எட்டிப் பார்த்தவர், மூக்கை உறிஞ்சிக்கொண்டு அங்கேயே நின்றுவிட்டார்.

"தங்கராஜு, அமெரிக்காவுல பன்னெண்டு மணி நேரம்கூட பொகை போடுறான். நெருப்பு கூடவும் கூடாது, கொறையவும் கூடாது. இங்க யாருக்கும் முடியாது லா."

அந்தக் கடைசி வாக்கியத்தை அவர் சொல்லாமல் இருந்திருந்தால் இந்தக் கதையே இல்லை. மாட்டைச் சாமியாகக் கும்பிட்டு வளர்ந்த தங்கராஜு ஒரு நிமிடம் தயங்கினார். நாம் தின்னப் போவதில்லை, இடுக்கியால்தான் தொடப் போகிறோம், சாஸ்திரத்தில் புகையைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை என்று, சாஸ்திரத்தில் ஒரு வரி படிக்காத தங்கராஜு தீர்ப்பெழுதிக்கொண்டார்.

புகைவீட்டில் வைத்தால் கறியில் ரப்பர் நாற்றம் ஏறும். சின்ன தொரையின் பங்களாவில் வைத்தால் பக்கத்துப் பங்களா பெரிய தொரையின் திரைச்சீலையில் ஏறும். ஆகவே தங்கராஜு வீட்டுக் கொல்லையே தேர்வாயிற்று. பழைய எண்ணெய்ப் பீப்பாய் ஒன்றை நெருப்பிட்டுச் சுத்தம் செய்து, அடியில் காற்றுத் துளையும் நடுவில் இரும்புக் கம்பிவலையும் வைத்தார். ஞாயிற்றுக்கிழமை விடிவதற்கு முன்பே நன்றாகக் காய்ந்த ரப்பர் விறகைப் பற்றவைத்துவிட்டுக் காத்திருந்தார். முதலில் வரும் வெள்ளைப் புகை பொல்லாதது, கசக்கும். அது அடங்கி, இருக்கிறதா இல்லையா என்று தெரியாத மெல்லிய நீலப் புகை வந்த பிறகுதான், ஆறு மணிக்கு, கறியை வைத்தார். கோலா சிலாங்கூர் பசாரில் சின்ன தொரை வாங்கி வந்த ஐந்து கிலோத் துண்டு. உப்பும் மிளகும் தவிர வேறொன்றும் இல்லை.

பெருக்குமாறும் கையுமாக வந்த அம்சவள்ளி பீப்பாயைப் பார்த்தாள், புருஷனைப் பார்த்தாள்.

"நான் ஒண்ணயும் பாக்கல. எனக்கு ஒண்ணும் தெரியாது. முடிஞ்சதும் கெணத்தடியில குளிச்சிட்டுத்தான் ஊட்டுக்குள்ள கால வைக்கணும், சொல்லிட்டேன்" என்றுவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள்.

நண்பகலில் ஒரு சோதனை வந்தது. கறி வியர்த்தது. இரண்டு மணி நேரமாக ஒரு மாற்றமும் இல்லை, முரண்டு பிடித்தது. வேறு ஆளாக இருந்தால் நாலு விறகைச் சேர்த்துத் திணித்திருப்பான். ஈரம் போகாத ஷீட்டுக்குச் சூட்டைக் கூட்டினால் கொப்புளம் விடும் என்பது தங்கராஜுவுக்குத் தெரியும். கறியும் அப்படித்தான் என்று அவருக்கு யாரும் சொல்லித் தரவில்லை. கை சொன்னது. அவர் பேசாமல் சப்பணமிட்டு உட்கார்ந்து காற்றுத் துளையை ஒரு விரல் அகலம் மூடினார்.

வாசனை மட்டும் உட்காரவில்லை, அது லயம் லயமாகச் சுற்றியது. பக்கத்து வீட்டுச் சின்னத்தாய் ஒரே பாவாடையை நாலு தடவை கொடியில் காயப்போட்டு எடுத்தாள். ஒவ்வொரு தடவையும் எச்சில் விழுங்கினாள்.

ஐந்து மணிக்குச் சைக்கிள் கம்பியைக் குத்திப் பார்த்தார். வெண்ணெயில் இறங்கியதுபோல் இறங்கியது. அதற்குள் வந்து காத்திருந்த சின்ன தொரை பலகையில் வைத்து வெட்டினார். மேலே கன்னங்கரேலென்று தோல், அதற்குக் கீழே நகக்கண் அகலத்துக்கு ரோஸ் நிறக் கோடு, பலகை முழுக்கச் சாறு. ஒரு துண்டை வாயில் போட்டுக் கண்ணை மூடினார். மூடிய கண்ணைத் திறக்கவே இல்லை. தங்கராஜு அவருடைய தாடை அசைவதையே பார்த்துக்கொண்டு நின்றார். வாழ்க்கையிலேயே சிறந்த வேலையைச் செய்துவிட்டு, அது எப்படி இருக்கிறது என்று அடுத்தவன் முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டிய நிலை. பாவமாகத்தான் இருந்தது.

"தங்கராஜு, அங்ககூட இப்படிச் சாப்பிட்டதில்ல" என்றார் சின்ன தொரை. பிறகு தட்டோடு லயத்து வழியாகவே நடந்து போனார். அமெரிக்காவில் படித்தவருக்கு அவ்வளவுதான் விவரம்.

செவ்வாய்க்கிழமை சாயந்திரம் கோயில் மண்டபத்தில் கமிட்டி விசாரணை. திருவிழாவுக்கு இன்னும் மூன்று வாரம். கூட்டத்தில் 'மாடு' என்று யாரும் வாய் திறந்து சொல்லவில்லை. 'அந்தப் பொருள்' என்றார்கள்.

"வாசன வந்துச்சிங்க" என்றாள் சின்னத்தாய்.

"என்னா வாசன?" என்று கேட்டார் சிவானந்தம்.

"அந்தப் பொருளு வாசனதான்."

"அந்தப் பொருளோட வாசன ஒனக்கு எப்பிடித் தெரியும்?"

சின்னத்தாய் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். "எனக்கு என்னாங்க தெரியும், சும்மா சொன்னேன் லா" என்று உட்கார்ந்துவிட்டாள். அதற்குப் பிறகு சாட்சி சொல்ல ஒருவரும் எழவில்லை. வாசனை தெரியும் என்று சொன்னால், எங்கே தின்றாய் என்று அடுத்த கேள்வி வரும். அதற்குத் தயாராக ஒரு ஆண்பிள்ளை அங்கே இல்லை. தலைவரே மாதக் கடைசியில் ஆபீஸ் வேலையாகக் கிள்ளான் போகும்போது எந்த மீ நூடுல்ஸ் கடையில் உட்காருகிறார், எந்த சூப்பைக் குடிக்கிறார் என்பது லோரி டிரைவர் முதல் எல்லாருக்கும் தெரியும். முழுப் பூசணிக்காய் சோற்றில் மறையாது என்பார்கள். ஊரே சேர்ந்து சோறு போட்டால் மறையும்.

சிவானந்தத்துக்கு வேறொரு கவலை. தீமிதிக்கு வேண்டிய விறகை லோரியில் ஏற்ற உத்தரவு தரவேண்டியவர் சின்ன தொரை. அவரைப் பகைத்துக்கொண்டு என்ன திருவிழா? ஆகவே தலைவர் குரலைத் தேன்போல ஆக்கினார்.

"காட்டுப்பன்னிதான தங்கராஜு? தொரை எங்கியோ சுட்டுக்கிட்டு வந்தாரு, நீ பொகை போட்டுக் குடுத்த. அவ்ளோதான?"

பன்றி என்றால் பிரச்சினையே இல்லை. கூட்டம் முழுக்க நிம்மதியாகத் தலையை ஆட்டியது. தங்கராஜுவும் ஆட்டினால் போதும், மஞ்சள் துணி அவருக்கே. அவர் ஆட்டத்தான் போனார். அதற்குள் பின்வரிசையிலிருந்து அழகேசன் எழுந்தான்.

"பன்னியோ கின்னியோ, அத வுடுங்க. தொரை தட்டுல தூக்கிட்டுப் போனப்ப நான் கண்ணால பாத்தேன். கரிக்கட்டையாட்டம் கருகிக் கெடந்துச்சி. ஒரு துண்டுப் பன்னிக்கி நெருப்பு வைக்கத் தெரியாத ஆளு கையில ஆத்தா குழியக் குடுக்கலாமான்னு யோசிங்க."

தங்கராஜுவின் காதில் 'கருகி' என்ற சொல்லுக்குப் பிறகு எதுவும் விழவில்லை.

"எவன்டா சொன்னான் கருகிச்சின்னு? மேல கருப்பா இருந்தா கருகிட்டதா? அது தோலுடா! உப்பும் கொழுப்பும் பொகையில எறங்கிக் கட்டுன தோலு! உள்ள வெட்டிப் பாத்தியா? சாறு பலகையில ஓடுச்சி! பன்னியாம் பன்னி! பன்னிக்கி அஞ்சு மணி நேரம் போதும், எந்தப் பயலும் போடுவான். இது மாட்டு நெஞ்சுக்கறி! பதினோரு மணி நேரம்! கோலா சிலாங்கூர்லேர்ந்து அம்பாங் பெச்சா வரைக்கும் எவனாச்சும் ஒருத்தன் போட்டுக் காட்டட்டும், நான் மீசைய எடுத்துக்கிறேன்!"

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். நுணலாவது மழைக்குத்தான் கத்துகிறது. சிவானந்தம் நெற்றியைப் பிடித்துக்கொண்டார். அழகேசன் உட்கார்ந்துகொண்டான், பேச வேண்டியதை எல்லாம் தங்கராஜுவே பேசிவிட்டார்.

மூன்று வருடத்துக்குத் தங்கராஜு பூக்குழியைத் தொடக்கூடாது, கயிற்றுக்கு வெளியேதான் நிற்க வேண்டும், குழி இனி அழகேசன் பொறுப்பு என்று முடிவாயிற்று. சின்ன தொரை மறுநாளே சந்தோஷமாக இரண்டு லோரி விறகுக்கு உத்தரவு கொடுத்தார். அதில் தோஷம் ஏதும் ஒட்டவில்லை என்று அதே கமிட்டி ஏகமனதாகத் தீர்மானித்தது.

"தலைய ஆட்டிட்டு வந்திருந்தா என்னா கொறஞ்சிருக்கும்?" என்றாள் அம்சவள்ளி.

"கருகிச்சின்னு சொன்னான்டி" என்றார் தங்கராஜு. சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது. ஐம்பத்திரண்டு வயது மனிதர் கிணற்றடியில் உட்கார்ந்து குழந்தைபோல அழுதார். கறிக்காக அவர் வெட்கப்படவில்லை. இனி அந்த ஒரு நாளும் தனக்கில்லை என்பதைத்தான் தாங்க முடியவில்லை.

திருவிழா அன்று மாலை கயிற்றுக்கு வெளியே, கூட்டத்தோடு கூட்டமாக நின்றார். பார்த்த உடனே தெரிந்துவிட்டது. காய்ந்த விறகோடு பச்சை விறகையும் கலந்திருந்தான் அழகேசன். பற்றவைத்ததும் நேரம் கழித்து. மேலே தணல் அழகாகச் சிவந்திருந்தது, நடுவே ஐந்தாறு இடத்தில் வெள்ளைப் புகை கசிந்தது. அடியில் பாதி வெந்த கட்டைகள் கனன்றுகொண்டு இருக்கின்றன என்று அர்த்தம். மிதித்தால் கால் போகும்.

பொய் சொல்வானேன், முதலில் வந்தது சந்தோஷம்தான். படட்டும், ஊர் பார்க்கட்டும், நாளைக்கே என் வீட்டு வாசலுக்கு வருவார்கள் என்று நினைத்தார். தூரத்தில் உறுமி மேளம் கேட்டது. ஈர மஞ்சள் சேலையோடு வரிசை வந்தது. மூன்றாவதாக அம்சவள்ளி. மகளுக்கு வந்த விஷக்காய்ச்சல் தெளிந்ததிலிருந்து வருடம் தவறாமல் இறங்குகிறவள். இந்த வருடமும் விரதமிருந்து, கண் சொருக, கையில் வேப்பிலையோடு வந்துகொண்டிருந்தாள்.

தங்கராஜு கயிற்றோரமாகவே சுற்றிப் போய் அழகேசன் முதுகுக்குப் பின்னால் நின்றார். அவன் முகம் வெளுத்திருந்தது. அவனுக்கும் தெரிந்திருந்தது, என்ன செய்வதென்றுதான் தெரியவில்லை.

"திரும்பாத. சொல்றதக் கேளு" என்றார் தங்கராஜு மெதுவாக. "பொகையிற கட்டைய எல்லாம் கொத்தி வெளிய இழுத்துப் போடு. ஒண்ணுகூட வைக்காத. அப்பறம் நீட்டக் கம்பால தட்டித் தட்டி சமமாக்கு. மேல லேசா சாம்பல் படியுற வரைக்கும் விசிறாத."

"அண்ணே, நேரமில்லண்ணே, வந்துட்டாங்க."

"நேரத்த நான் பாத்துக்கிறேன்."

உறுமிக் குழுத் தலைவன் சன்னாசியிடம் ஓடினார். ஆத்தாவோட அருள் இன்னும் முழுசா எறங்கல, முதல் லயத்தைச் சுற்றி இன்னொரு சுற்று கூட்டிப் போ என்றார். மேளம் திரும்பியது, மேளத்தோடு வரிசையும் திரும்பியது. அரை மணி நேரம் கழித்து அம்சவள்ளி குழியில் இறங்கி, ஏழே எட்டு எடுத்து வைத்து அக்கரை சேர்ந்தாள். முகத்தில் ஒரு சுளிப்பு இல்லை. யாருக்கும் ஒரு கொப்புளமில்லை. சிவானந்தம் எழுந்து நின்று அழகேசனுக்கு மாலை போட்டார். அழகேசன் கூட்டத்தில் யாரையோ தேடினான். பிறகு எதற்கு வம்பு என்று மாலையைச் சரிசெய்துகொண்டான்.

வீட்டில் அம்சவள்ளி மஞ்சள் தண்ணீரில் காலைக் கழுவித் துடைத்துக்கொண்டு, புருஷனுக்குச் சோறு போட்டாள்.

"ஒங்களுக்குக் கோவம் வந்தாலும் சரி, உள்ளத சொல்றேன். அழகேசன் நல்லாத்தான் போட்டிருந்தான். ஒங்க குழியில நடுவுல கொஞ்சம் சுள்ளுனு ஏறும். இது பஞ்சு மேல நடந்தாப்பல இருந்துச்சி."

தங்கராஜு வாயைத் திறந்தார். பச்சை விறகு, வெள்ளைப் புகை, இழுத்துப் போட்ட கட்டைகள், சன்னாசி, அந்த இன்னொரு சுற்று, எல்லாம் நாக்கு நுனிக்கு வந்து நின்றன. குனிந்து அவள் பாதங்களைப் பார்த்தார். மஞ்சள் பூசியிருந்தது, ஒரு சிவப்புக்கூட இல்லை.

"ம்... நல்லாத்தான் போட்டிருக்கான்" என்று சொல்லிவிட்டு, ரசத்தை ஊற்றச் சொன்னார்.