லாயத்துத் தொட்டித் தண்ணீர்

போன வருடம் ஆவணி விடுமுறையில் வவுனியாவிலிருந்து நெடுந்தீவு பார்க்கப் போனோம். நான், கணவர், இரண்டு மகள்மார். குறிகட்டுவானில் படகு ஏறும்போதே வெயில் மண்டையைப் பிளந்தது. அங்கே இறங்கி ஓட்டோ ஒன்று பிடித்து ஒல்லாந்தர் கோட்டை, புறாக்கூடு, பெருக்கு மரம் என்று பார்த்தோம். நடுவில் பிள்ளைகள் கடலிலும் குளித்தார்கள்.

கடைசியாகப் பழைய குதிரை லாயம். எங்களை இறக்கிவிட்டு ஓட்டோத் தம்பி சாப்பிடப் போய்விட்டார். கல் தூண்கள்தான் மிச்சம். பக்கத்தில் ஒரு கிணறு, அதை ஒட்டி நீளமான கல் தொட்டி. தொட்டியில் பாதிக்கு மேல் தெளிந்த தண்ணீர் கிடந்தது.

எனக்குச் சுத்தம் என்றால் விசர். பிள்ளைகள் உப்பும் மணலுமாக நின்றது பொறுக்கவில்லை. இங்கே கிணறெல்லாம் உவர் என்று அந்தத் தம்பி சொல்லியிருந்தார். தொட்டித் தண்ணீரை நாக்கில் வைத்துப் பார்த்தேன். நல்ல தண்ணீர். அப்போதாவது எனக்குள் ஒரு கேள்வி வந்திருக்க வேண்டும். நானோ சவர்க்காரத்தை எடுத்து இருவரையும் தொட்டிக்குள்ளேயே இறக்கித் தேய்த்துக் குளிப்பாட்டினேன். அவர்கள் நுரை ஊதிச் சிரித்ததைக் கணவர் படம் எடுத்தார்.

தலை துவட்டிக்கொண்டிருந்தபோது சைக்கிளில் ஒரு பெண் வந்தார். பின்னால் இரண்டு வெறும் தண்ணீர்க் கான்கள் கட்டியிருந்தன. தொட்டியைப் பார்த்ததும் சைக்கிளை அப்படியே போட்டுவிட்டு ஓடி வந்தார்.

"ஆர் இதுக்கை சவுக்காரம் போட்டது?"

"நான்தான் அக்கா. பழைய தொட்டி, மழைத்தண்ணி எண்டு நினைச்சிட்டன்."

"மழையோ? மழை கண்டு எத்தினை மாசம் தெரியுமே? விடியக் குழாயடியில நிண்டு பிடிச்சு, ரண்டு தரம் சைக்கிளில கொண்டுவந்து ஊத்தினனான். என்ரை மாடு கண்டுத்தாச்சி. மத்தியானம் இஞ்சதான் தண்ணிக்கு வரும்."

சொல்லி முடிக்கவில்லை, அது வந்துவிட்டது. விலா எலும்பெல்லாம் தெரிய, வயிறு மட்டும் பெருத்த சிவப்புச் சினைப்பசு. நேரே தொட்டியில் வாயை வைக்கப் போனது. அவர் அதன் கழுத்தைக் கட்டிப் பிடித்து, "குடியாதை, என்ரை அம்மா, குடியாதை" என்று பின்னுக்குத் தள்ளினார். நான் என் வாழ்க்கையில் அவ்வளவு வெட்கப்பட்டதில்லை.

எங்களிடம் மூன்று போத்தல் தண்ணீர் இருந்தது. பிள்ளைகளின் சாப்பாட்டுப் பெட்டியில் ஊற்றி வைத்தோம். ஒரு நிமிடத்தில் முடிந்தது. அதற்குப் பிறகும் அந்தப் பசு வெறும் பெட்டியை நக்கிக்கொண்டே நின்றது.

"குழாயடிக்கு ஓட்டோவில போய்ப் பிடிச்சுக்கொண்டு வாறம் அக்கா" என்றார் கணவர்.

"இனி நாளைக்கு விடியத்தான் திறப்பினம்" என்றார் அவர். திட்டவில்லை. திட்டியிருந்தால் ஆறுதலாக இருந்திருக்கும். குனிந்து நுரையைக் கையால் வழித்து வழித்து வெளியே எறிந்துகொண்டிருந்தார், ஏதோ அதனால் தண்ணீர் மீண்டும் நல்லதாகிவிடும் என்பதுபோல. ஓட்டோ வந்து, படகுக்கு நேரமாகிவிட்டது என்றதும் நாங்கள் கிளம்பினோம். கிளம்பிவிட்டோம் என்பதைத்தான் இன்றும் என்னால் சீரணிக்க முடியவில்லை.

ஒரு கிழமை கழித்து மனம் கேட்காமல் அந்தத் தம்பிக்குத் தொலைபேசி எடுத்தேன். அந்தப் பசுவைப் பற்றிக் கேட்டேன். "அண்டைக்குப் பின்னேரமே தண்ணி தேடிப் போய், வத்தின குளத்துச் சேத்துக்கை இறங்கிப் புதைஞ்சிட்டுது அக்கா. விடியப் பாக்கேக்கை செத்துக் கிடந்துது. வயித்துக்கை கண்டும்."

பிள்ளைகள் நுரை ஊதும் அந்தப் படம் இன்னும் என் தொலைபேசியில் இருக்கிறது. இப்போது எந்தப் பழைய இடத்துக்குப் போனாலும், அறிவிப்புப் பலகையை வாசிக்கும் முன் இங்கே இன்று யார் சீவிக்கிறார்கள் என்று ஒரு தரம் சுற்றிப் பார்க்கிறேன். பார்க்கும்போதெல்லாம் வெறும் பெட்டியை நக்கிய அந்த நாக்குத்தான் கண்ணுக்குள் வருகிறது.