முதல் மாடியில் நிற்காத தண்ணீர்

பத்தொன்பது வருடமாக ஒரே மருத்துவமனையில் வேலை பார்த்தார் அந்தக் குழாய்க்காரர். அவர் மனைவி ஈரல் கெட்டு அதே கட்டடத்தின் நான்காம் மாடியில் படுத்த பிறகுதான், கணவர் பகலெல்லாம் என்ன செய்கிறார் என்பதையே கண்ணால் பார்த்தாள்.

“இங்க கக்கூஸ்ல தொட்டியே காணோம், கைப்பிடியை அழுத்தினா இவ்வளவு தண்ணி எங்கேருந்து பாயுது?” என்று ஒரு மத்தியானம் கேட்டாள்.

பையிலிருந்து உள்ளங்கை அகல ரப்பர் வட்டு ஒன்றை எடுத்துப் போர்வைமேல் வைத்தார்.

“குழாய்ல தண்ணி அழுத்தத்தோட காத்துக்கிட்டு நிக்குது. இந்த ரப்பர்தான் கதவு. ஊசிக்கண்ணாட்டம் ஓட்டை தெரியுதா? அது வழியா மேல ஏறுற தண்ணி ரப்பரை அமுக்கிப் பிடிச்சுக்கும். கைப்பிடியை அழுத்தினா மேல இருக்கிறது வடிஞ்சிடும். கீழ இருக்கிற தண்ணி ரப்பரைத் தூக்கிட்டுப் பாயும்.”

“அப்புறம் யார் மூடறது?”

“அதே ஓட்டைதான். மேல மறுபடி நிறைஞ்சதும் தானா மூடிக்கும்.”

“இவ்வளவு பேசத் தெரிஞ்ச மனுஷன், வீட்ல முப்பது வருஷம் ‘ம்’ கொட்டியே ஓட்டிட்டீங்களே!” சிரிப்பு இருமலில் போய் முடிந்தது. துணைக்கு இருந்த மகள் முதுகைத் தடவிவிட்டாள்.

அப்போது செல்போன் அடித்தது. முதல் மாடிக் கழிப்பறையில் தண்ணீர் நிற்காமல் ஓடி, வராந்தா வரை வந்துவிட்டதாம். அவர் தயங்கினார்.

“போங்க. யாராவது வழுக்கி விழுந்துடப் போறாங்க,” என்றாள் மனைவி.

கீழே போனதும், குழாயில் வரும் தண்ணீரை அடைத்தார். மூடியைக் கழற்றிப் பார்த்தால், ரப்பரின் ஓட்டையில் ஒரு மணல் துணுக்கு. மேலே தண்ணீர் ஏற வழியில்லாமல் கதவு திறந்தே கிடந்திருக்கிறது. ஊசியால் குத்தி எடுத்து, திரும்பப் பூட்டி, மூன்று முறை அழுத்திப் பார்த்தார். அந்த இரைச்சலில், பையில் கிடந்த செல்போன் அடித்தது காதில் விழவில்லை.

மேலே வந்தபோது கட்டிலைச் சுற்றித் திரை இழுத்திருந்தது.

“நாலு தடவை கூப்பிட்டேன்ப்பா,” என்றாள் மகள். “அம்மா, ‘தண்ணி நின்னுச்சான்னு கேளு’ன்னாங்க. அதான் கடைசி.”

“நின்னுடுச்சு,” என்றார் அவர், திரையைப் பார்த்து.

ஒரு மாதம் கழித்து வேலைக்குத் திரும்பினார். நான்காம் மாடி வேலையை மட்டும் தன்னுடன் வேலை பார்த்த இன்னொருவரிடம் தள்ளிவிட்டார். அந்த ஆள் விடுப்பில் போன ஒரு நாள், வேறு வழியில்லாமல் இவரே ஏறினார். அந்தக் கட்டிலில் வேறொரு பெண். பக்கத்தில் அவள் கணவன்.

“அண்ணே, கக்கூஸ்ல தண்ணி பாயுற இந்தச் சத்தத்துல இவ தூங்கவே மாட்டேங்குறா. கொஞ்சம் குறைக்க முடியுமா? அதுக்குள்ள நான் கீழ போய் டீ குடிச்சுட்டு வந்துடறேன்.”

குழாய்க்காரர் அவன் தோளைப் பிடித்து நாற்காலியில் உட்கார வைத்தார்.

“நீங்க இருங்க தம்பி. டீயை நான் வாங்கிட்டு வரேன்.”